குருதியின் கடைமடை

கொள்ளிடத்தின் வடபால், சிதம்பரத்தைச் சூழ்ந்து பரந்து கிடப்பது நெல்வயல் நிலம். காவிரியின் நீர் கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியே ஓடி, வீராணம் ஏரியை நிரப்புகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. பத்தாம் நூற்றாண்டில், அமைந்தது அவ்வேரி. அம்மன்னனுக்குரிய வீரநாராயணன் என்னும் பெயரே நாளடைவில் மருவி வீராணம் என்றாயிற்று. ஏரியின் மதகுகளினின்று பெருவாய்க்கால்கள் புறப்படுகின்றன; அவற்றினின்று சிறுவாய்க்கால்கள் கிளைக்கின்றன; அவை மேலும் கிளைத்துக் கிளைத்து வயல்தொறும் செல்கின்றன. இவ்வாறு ஓடிய நீர் இறுதியாகச் சென்று சேரும் இடத்தைக் கடைமடை என்பர் உழவர்.

வீராணத்தின் நிறைமட்டம் 47.5 அடி. ஏரியில் நீர் அம்மட்டத்தை எட்டிய நாளிலும் கடைமடை வயல் வெடித்துக் கிடத்தல் உண்டு. இடையில் வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், மதகு அடைபட்டிருக்கலாம், மேல்மடையார் நீர் முழுவதையும் தம் வயலுக்கே திருப்பியிருக்கலாம். ஆதலின், பட்டறிவுடைய உழவன் ஏரியின் அளவைக் கேட்டறிந்த அளவில் அமைதி கொள்ளான். மண்வெட்டியைத் தோளில் ஏந்திக் கடைமடைக்கு நடந்து செல்வான். அங்கே நீர் பாய்ந்ததா என்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே வீடு திரும்புவான்.

மனித உடலிலும் இத்தகையதொரு பாசனம் இடையறாது நிகழ்கின்றது. நீருக்கு மாறாக ஓடுவது குருதி. நெஞ்சப்பை மணித்துளிக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கின்றது; ஒரு நாளில் ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு மணித்துளியிலும் ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை அது வெளியே தள்ளுகின்றது. அக்குருதி தமனி என்னும் பெருங்குழாய்களிற் பாய்ந்து, சிறு குழாய்களிற் பிரிந்து, மயிரிழையினும் நுண்ணிய தந்துகிகளை அடைகின்றது. தந்துகிகளே உடலின் கடைமடை. உயிர்வளி எனப்படும் பிராணவாயுவும் உணவுச் சத்தும் உடலின் அணுக்களுக்குச் சேர்வது அங்கேதான். வயலிற் பாய்ந்த நீர் ஏரிக்கு மீள்வதில்லை. குருதியோ சிரைகளின் வழியே மீண்டும் நெஞ்சப்பையை வந்தடையும். இச்சுழற்சியை ஐயத்திற்கிடமின்றி விளக்கி, 1628-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர் வில்லியம் ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர்.

இச்சுழற்சி தளர்ந்தால் விளைவது யாது? விபத்தினால் குருதி பெருகி வெளியேறலாம். நோய்க்கிருமிகள் குருதியிற் கலந்து குழாய்களைத் தளர்த்தலாம். டெங்குக் காய்ச்சலிற் குருதியின் நீர்ப்பகுதி குழாய்களினின்று கசிந்து வெளியேறலாம். நெஞ்சப்பையே வலியிழக்கலாம். காரணம் எதுவாயினும், உடலின் உறுப்புகளுக்குப் போதிய குருதி சென்று சேராத நிலையை மருத்துவர் அதிர்ச்சி நிலை என்பர். உள்ளம் திடுக்கிடுதலை இச்சொல் இங்கே குறிப்பதன்று. உடல் முழுவதும் குருதியின்றி வாடுதலைக் குறிக்கும். அந்நிலை சில மணிநேரம் நீடித்தால் சிறுநீரகம் சோரும்; மூளை மயங்கும்; உயிருக்கே இறுதி நேரும். ஆதலின், அத்தகைய நோயாளியின் குருதியோட்டத்தை நாழிகைதோறும் கண்காணித்தல் மருத்துவரின் தலையாய கடமையாகின்றது.

உடலினுள்ளே ஓடும் குருதியைக் காண்பது எங்ஙனம்? நம் நாட்டுச் சித்த மருத்துவர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்தனர். வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் நிலையை அறிதலே அவர்தம் நோக்கம். குருதியின் அழுத்தத்தை எண்ணால் அளக்கும் முயற்சி மேலை நாட்டில் எழுந்தது. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு குதிரையின் தமனியிற் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நெடியதொரு கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி அக்குழாயில் 8 அடிக்கு மேல் உயர்ந்து நின்றது. 1733-ஆம் ஆண்டில் இச்செய்தியை அவர் நூலாக வெளியிட்டார். குருதிக்கு அழுத்தம் உண்டென்பது கண்கூடாக விளங்கிற்று. குதிரையோ அச்சோதனையில் உயிர் துறந்தது.

உடலைக் கிழியாமல் அழுத்தத்தை அளக்கும் வழி 1896-ஆம் ஆண்டிற் பிறந்தது. இத்தாலி நாட்டு ரிவா ரோச்சி என்பவர் காற்றடைத்த பட்டையை மேற்கையிற் சுற்றிப் பாதரசக் குழாயால் அழுத்தத்தை அளந்தார். உருசிய நாட்டு மருத்துவர் கொரட்கோவ் 1905-ஆம் ஆண்டில், பட்டைக்குக் கீழே தமனியின்மீது செவிக்குழலை வைத்து ஒலி கேட்கும் முறையைக் கூறினார். இன்றும் சிற்றூர் மருத்துவமனைகளிற் கையாளப்படுவது இம்முறையே. நலமுடைய இளைஞர்க்கு மேலழுத்தம் ஏறத்தாழ 120, கீழழுத்தம் 80 என அது காட்டும்.

ஆயினும், அழுத்தம் வேறு; ஓட்டம் வேறு. ஏரியின் மட்டம் கடைமடையின் நிலையைக் காட்டாதது போல, குருதியழுத்தமும் தந்துகியின் நிலையை எப்போதும் காட்டுவதில்லை. குருதி குறையும்போது உடல் தன்னைத்தான் காத்துக்கொள்ள முயல்கின்றது. மூளைக்கும் நெஞ்சப்பைக்கும் குருதி குறையாதிருக்கும் பொருட்டு, கை கால்களுக்குச் செல்லும் சிறு குழாய்களை அது சுருக்கிவிடுகின்றது. கடைமடைக்குச் செல்லும் மதகை அடைத்து, ஏரியின் மட்டத்தைக் காப்பது போன்றது இச்செயல். அப்போது அளவுகருவி 110 என்று காட்டும். பார்ப்போர் நலம் என்று எண்ணுவர். உள்ளங்காலோ பனிபோற் குளிர்ந்திருக்கும். இளஞ்சிறார்க்கு இந்நிலை நெடுநேரம் மறைந்திருந்து, அழுத்தம் திடீரெனச் சரியும். அழுத்தம் சரிந்த பின்னர் மீட்டல் அரிது.

ஆதலின், ஓட்டத்தையே நேரில் அளக்க அறிஞர் விழைந்தனர். சிதம்பரத்தின் அருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய 1929-ஆம் ஆண்டிலேயே, செர்மனி நாட்டில் வியத்தகு நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. வெர்னர் போர்சுமன் என்னும் 25 வயது இளமருத்துவர், மெல்லிய குழாய் ஒன்றைத் தம் இடக்கைச் சிரையில் தாமே செருகினார். 65 சென்டிமீட்டர் வரை அதனை உட்செலுத்தினார். எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, குழாயின் முனை தம் நெஞ்சப்பையினுள் நிற்பதைப் படமாக எடுத்தார். அன்று அவரை எள்ளியோர் பலர். பின்னர், அவ்வழியைப் பின்பற்றி ஆய்ந்த கூர்நாண்டு, ரிச்சர்ட்ஸ் என்னும் இருவரோடு சேர்த்து, 1956-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

1970-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் சுவான், கான்சு என்னும் இருவர் அக்குழாயின் நுனியிற் சிறியதொரு காற்றுப்பையைப் பொருத்தினர். காற்றை ஏற்ற பாய்மரம் படகை ஈர்த்துச் செல்வது போல, அப்பை குருதியோட்டத்தில் மிதந்து, குழாயை நெஞ்சப்பையின் வழியே நுரையீரல் தமனிக்கு இட்டுச் சென்றது. நெஞ்சப்பை எவ்வளவு குருதியைத் தள்ளுகின்றது என்பதை நோயாளியின் படுக்கையருகே அளந்தறிய முடிந்தது. உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இக்குழாய் பெருவழக்காயிற்று.

அறிவு பெருகிற்று, உயிர்கள் மிகுதியாகப் பிழைத்தனவா? குழாய் செருகிய வழியே நோய்க்கிருமி புகுந்தது சிலர்க்கு. நெஞ்சத் துடிப்பு நிலை தடுமாறிற்று சிலர்க்கு. குருதி கசிந்தது சிலர்க்கு. 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, குழாய் இட்டோரிடையே இறப்பு மிகுதியென்று கூறி ஐயத்தை எழுப்பிற்று. 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரிட்டானிய ஆய்வு அவ்வையத்தைச் சீராக ஆராய்ந்தது. 65 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை இரு கூறாகப் பிரித்து, ஒரு சாரார்க்குக் குழாய் இட்டனர், மறுசாரார்க்கு இடவில்லை. இரு சாராரிடையேயும் இறப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நோயாளிக்கு ஊறு விளைக்கக்கூடிய ஒரு முறை, அவ்வூற்றிற்கு ஈடான நன்மையைத் தரவில்லையென்றால், அதனை எல்லார்க்கும் கையாளுதல் முறையாகுமா? இவ்வினாவே மருத்துவ உலகை எளிய வழிகளின்பால் திருப்பிற்று.

அவ்வழிகளுள் தலையாயது ஒலியின் துணைகொண்டு காணுதல். கடலூர்த் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் எதிரொலிக் கருவி பொருத்தப்படுவதுண்டு. செவிக்குப் புலனாகாத ஒலியலையை அது நீருக்குள் அனுப்புகின்றது; கடலடியிலும் மீன்கூட்டத்திலும் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு, ஆழத்தையும் மீன் திரளும் இடத்தையும் காட்டுகின்றது. நெஞ்சப்பையைக் காட்டும் கருவியும் இதற்கு உறவினதே. சுவீடன் நாட்டில் எட்லர் என்னும் மருத்துவரும், ஹெர்ட்சு என்னும் இயற்பியலறிஞரும், 1953-ஆம் ஆண்டிற் கப்பல் கட்டும் தளம் ஒன்றிலிருந்து கருவியொன்றை இரவல் பெற்றனர். உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்பைக் கண்டறிவதற்கு அமைந்தது அக்கருவி. அதனை நோயாளியின் மார்பின்மீது வைத்தபோது, நெஞ்சப்பையின் சுவர் அசைவது எதிரொலியாகப் புலப்பட்டது. கப்பலுக்கென அமைந்த கருவி நெஞ்சுக்கு உதவிற்று.

நெஞ்சின் அசைவைக் காட்டிய ஒலி, குருதியின் விரைவையும் காட்ட வல்லது. சிதம்பரம் இரயில் நிலையத்தில் நில்லாது விரையும் வண்டியின் ஊதல் அணுகி வரும்போது கூர்மையாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் ஒலிப்பதை மாணவர் கேட்டிருப்பர். இவ்வேறுபாட்டின் காரணத்தை 1842-ஆம் ஆண்டில் விளக்கியவர் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். ஓடும் குருதியணுக்களின்மீது பட்டு மீளும் ஒலியும் இவ்வாறே மாறுகின்றது. அம்மாற்றத்தைக் கணக்கிட்டு, நெஞ்சப்பை ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் குருதியின் அளவை மதிப்பிடுகின்றனர். ஊசியும் இல்லை, குழாயும் இல்லை, மார்பின்மீது சிறிது பசையைத் தடவிக் கருவியை வைத்தால் போதும்.

சிதம்பரத்தில் 1985-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 2021-ஆம் ஆண்டில் அது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. இத்தகைய மருத்துவமனைகளில் மருத்துவம் பயில்வோர்க்கு மற்றுமோர் எளிய சோதனை கற்பிக்கப்படுகின்றது. படுத்திருக்கும் நோயாளியின் கால்களைச் சிறிது நேரம் 45 பாகை உயர்த்துகின்றனர். கால்களில் தங்கியிருந்த குருதியில் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் நெஞ்சப்பையை நோக்கி வருகின்றது. அதனால் ஓட்டம் மிகுந்தால், நோயாளிக்கு உப்புநீர் ஏற்றுதல் பயன் தரும் என்று தெளியலாம். மிகாவிடின், நீர் ஏற்றுதல் வீண். கால்களைத் தாழ்த்தியவுடன் குருதி பழைய இடத்துக்கே மீளும்; நோயாளிக்கு யாதோர் இழப்பும் இல்லை. நீர் மிகினும் கேடு விளையும் என்பதைக் கடலூர் மாவட்டத்தார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. 2015-ஆம் ஆண்டின் பெருமழையில் மூழ்கிய வயல்களை அவர்கள் கண்டுள்ளனர். அளவு கடந்து ஏற்றிய நீர் நுரையீரலிற் கோத்து மூச்சை அடைக்கும்.

2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் வீடுகள் பலவற்றில் விரலிற் கவ்வும் சிறு கருவியொன்று புகுந்தது. சப்பான் நாட்டு அயோகி என்பவர் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தின்வழி வந்தது அது. விரலினூடே ஒளியைச் செலுத்திக் குருதியில் உயிர்வளி எவ்வளவு நிறைந்துள்ளது என்பதை அது காட்டும். ஆயினும், அதன் எல்லையை அறிந்து கொள்ளுதல் வேண்டும். குருதியின் தரத்தை அது கூறுமேயன்றி, ஓட்டத்தின் அளவைக் கூறாது. விரல் குளிர்ந்தவிடத்து அது தடுமாறும். கருநிறத் தோலுடையார்க்குச் சில வேளைகளில் உண்மையினும் மிகுத்துக் காட்டும்.

கருவிகள் யாவற்றினும் எளியதொரு சோதனை உண்டு. அதற்கு வேண்டுவன ஒரு விரலும் ஒரு கடிகாரமுமே. நோயாளியின் விரல்நுனியை அழுத்தினால் அவ்விடம் வெளிறும். விட்டவுடன் குருதி மீளப் பாய்ந்து சிவக்கும். நலமுடையார்க்கு இச்சிவப்பு 2 அல்லது 3 விநாடிக்குள் மீளும். அதனினும் நெடுநேரம் ஆயின், கடைமடைக்குக் குருதி வந்து சேரவில்லை என்பதற்கு அஃது ஓர் அறிகுறி.

இவ்வெளிய சோதனையைப் பெரிய ஆய்வொன்றும் உரைத்துப் பார்த்தது. தென் அமெரிக்காவின் 5 நாடுகளில், 28 மருத்துவமனைகளில், கிருமித் தொற்றால் அதிர்ச்சி நிலையுற்ற 424 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு 2 மணிக்கொருமுறை குருதி எடுத்து, அதிலுள்ள லாக்டேட் என்னும் பொருளை அளந்து, அதற்கேற்ப மருத்துவம் செய்தனர். மறுபிரிவினர்க்கு அரை மணிக்கொருமுறை, வலக்கைச் சுட்டுவிரலின் நுனியிற் கண்ணாடித் துண்டை வைத்து 10 விநாடி அழுத்திப் பார்த்து மருத்துவம் செய்தனர். 2019-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் இறந்தோர், விரலைப் பார்த்த பிரிவில் நூற்றுக்கு 35 பேர்; குருதியை அளந்த பிரிவில் நூற்றுக்கு 43 பேர். இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால், விரற்சோதனையே சிறந்ததென்று ஆய்வாளர் அறுதியிட்டுக் கூறவில்லை. ஆயினும், செலவு மிக்க சோதனைக்கு அது சிறிதும் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த உலகளாவிய மருத்துவ நெறிமுறையும், பிற அளவைகளோடு இதனையும் துணையாகக் கொள்ளுமாறு கூறிற்று.

இதனால், குழாய்களும் ஊசிகளும் முற்றும் வேண்டா என்று கொள்ளுதல் தவறு. அழுத்தத்தை உயர்த்தும் மருந்தை இடைவிடாது ஏற்றவேண்டிய நோயாளிக்கு, மணிக்கட்டின் தமனியில் நுண்குழாய் இட்டு, துடிப்புதொறும் அழுத்தம் காண்பது இன்றும் இன்றியமையாதது. விரற்சோதனையும் குளிர்ந்த அறையிற் பிழைபடும். பார்ப்பவர் மாறினால் கணக்கும் சிறிது மாறும். ஆதலின், தேர்ந்த மருத்துவர் ஒன்றனையே நம்பி அமையார். முதலில் நோயாளிக்கு ஊறு செய்யாத வழியை நாடுவர். அது போதாதவிடத்து அடுத்த வழிக்குச் செல்வர். குழாய் இட்டபின் அதன் தேவை தீர்ந்தவுடன் எடுத்துவிடுவர்.

மழைக்காலம் முடியுமுன் டெங்குக் காய்ச்சல் பரவும் ஊர்களில் இவ்வறிவு மாணவர்க்கும் பயன்படும். அந்நோயிற் காய்ச்சல் மிகும் நாட்களினும், அது தணியும் வேளையே அஞ்சத்தக்கது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே உடலின் சூடு குறைகின்றது. ‘காய்ச்சல் விட்டது’ என்று வீட்டார் மகிழ்கின்றனர். அந்நேரத்திலேயே குருதியின் நீர்ப்பகுதி குழாய்களினின்று கசியத் தொடங்கலாம். நெற்றி குளிர்ந்த தம்பிக்குக் கையும் காலும் குளிர்ந்துள்ளனவா? வயிறு நோகின்றதா? ஓயாது வாந்தி எடுக்கின்றானா? சோர்ந்து துவள்கின்றானா? சிறுநீர் குறைந்துள்ளதா? இவற்றுள் ஒன்று தோன்றினும், விடியட்டும் என்று காத்திராது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் ஊர்தி வந்து சேரும்.

அங்கே மருத்துவர் முதற்கண் சிறுவனின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். பின்னர் அவன் விரல்நுனியை அழுத்தி, விநாடிகளை எண்ணுவார். நெடிய குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் அறையின் ஒரு பக்கத்தே இருக்கும். வேண்டுங்கால் அவையும் வரும். ஆயினும், அவர் முதலில் நோக்குவது ஏரியின் மட்டத்தையன்று. மண்வெட்டி ஏந்திச் சென்ற உழவனைப் போல, கடைமடை நனைந்துள்ளதா என்பதையே அவர் நோக்குகின்றார்.